லிஃப்ட் வாசலில் உயர்ந்த ஆங்கிலம்

ஆராய்ச்சிக்கு வந்திருந்த ரஷ்யன் ரோதியோனின் ஆங்கிலத்தில் கனம் போதவில்லை என்று கல்லூரி முதல்வர் பொன்னுரங்கம் ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு முறை ஃபெயில் போட்டிருந்தார். மூன்றாவது முறையும் போட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அவன் ஐந்நூற்றெழுபது ஆய்வுச் சொற்களை உருப்போட்டான்.

அன்று கல்லூரி லிஃப்ட் பாதி வழியில் நின்று நின்று போனது. “ஒரு போர்டு எழுதிக் குடு தொர” என்றார் வாட்ச்மேன். ரோதியோன் தன் புது ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினான்: ‘இச்செங்குத்துப் போக்குவரத்து அமைப்பின் செயற்பாட்டுத் தொடர்ச்சியில் கணிசமான விலகல் நிலவுவதாகக் கருத இடமுண்டு.’

பொன்னுரங்கம் வந்து அதை இரண்டு தடவை படித்தார். “அடடா! இதுய்யா இங்கிலீஷு! சாயங்காலம் வா, பாஸ் போட்டுடறேன்” என்று அவன் முதுகில் தட்டிவிட்டு லிஃப்ட்டில் ஏறினார். அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றது.

“யோவ் ரஷ்யாக்காரா! லிஃப்ட் ரிப்பேருன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதாய்யா?”

இதுவும் பரீட்சையோ என்று நினைத்த ரோதியோன் மூன்றாம் மாடிக்கு ஓடினான். மெஸ்ஸில் கற்ற தமிழில், கதவருகே வாயை வைத்துப் பணிவாகக் கேட்டான்:

“அப்படி எழுதினா பாஸ் போடுவீங்களா, சார்?”