வலீ கொடுத்த கைக்கூலி

லாபிர் புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளைக்கு எதிரே வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தார்.

பெண்ணின் வலீ அவர்தான். வாப்பா உயிரோடு இருக்கும்போது வேறு யாரும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்க முடியாது. பத்தொன்பது வருஷமாகப் பிள்ளையை எட்டியும் பார்க்காத வாப்பாவாக இருந்தாலும் அவர்தான்.

மணப்பெண் றம்லத் பிறந்து நாற்பது நாள் கழியும் முன்பே அவள் உம்மா கைரியாவுக்குத் தலாக் சொல்லிவிட்டுப் போனவர். பிள்ளை பிறந்ததிலிருந்து பதினாலு வயது முடியும்வரை மாதம் ஐந்து ரூபா தாபரிப்புக் கொடுக்க வேண்டும் என்று கண்டிக் கோர்ட்டில் துரை சொன்னார். லாபிர் நன்றாகத்தான் தலையாட்டினார்.

ஒரு மாதம்கூடக் கொடுக்கவில்லை.

பிடியாணையோடு ஆள் போனால் ஹேவாஹெட்டையில் துணி விற்கப் போயிருப்பார். ஹேவாஹெட்டைக்குத் தேடிப் போனால் ஹந்தானையில் இருப்பார். பிள்ளைக்குப் பதினாலு முடிந்த மாதமே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தைரியமாகக் கடை திறந்தார்.

பழைய பாக்கியைக் கேட்டு கைரியா வருஷா வருஷம் அந்தக் கடைக்குப் போனாள். பிள்ளைதான் வளர்ந்துவிட்டாளே, இனி யாருக்குத் தாபரிப்பு என்பார் லாபிர். காற்றைக் குடித்தா வளர்ந்தாள் என்று கைரியா கேட்பாள். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். காசு மட்டும் வராது.

இந்த வருஷம் அவள் பாக்கி கேட்கப் போகவில்லை. வலீயாக வரச் சொல்லிக் கூப்பிடப் போனாள்.

லாபிர் விடுவாரா? பள்ளிவாசல் பெரியவர்களை வைத்துக்கொண்டு, பழைய பாக்கியைப் பற்றி இனித் தன்னிடம் வாய் திறக்கக் கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கினார். கைரியா ஒத்துக்கொண்டாள். கைக்கூலியை மட்டும் வாப்பா தரட்டும் என்றாள்.

அது வழக்கம்தான். மாப்பிள்ளை கையில் கொடுத்தாலும் பெண்ணுக்கே உரிய காசு. லாபிர் அதற்கும் தலையாட்டினார். சம்பந்தி கண்டி டவுனில் மூன்று கடை வைத்திருப்பவர். வெறுங்கையோடு வந்த வலீ என்று அவர் முன்னால் பேர் எடுக்க முடியுமா?

இருநூறு முந்நூறுக்கு மேல் போகாது என்று மனதுக்குள் போட்டுக்கொண்டார். ஆனாலும் பார்வைக்குக் கனமாக இருக்கட்டும் என்று, வியாபாரம் படுத்துக் கிடந்த அந்த முப்பத்திரண்டாம் வருஷத்திலும், கொழும்புச் சரக்குக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு வந்தார்.

நிக்காஹ் நடத்த வந்த லெப்பை, மாப்பிள்ளை தரும் மஹரைக் கேட்டுப் புத்தகத்தில் எழுதினார். பிறகு, பெண்ணின் உம்மா சொல்லியனுப்பிய கைக்கூலித் தொகையைச் சபைக்குச் சொன்னார். எண்ணூற்று நாற்பது ரூபா.

லாபிரின் முகம் செத்துவிட்டது. ஆனால் பேரம் பேச இது கடை இல்லை.

மாப்பிள்ளையின் பெரியவாப்பா தாடியைத் தடவிக்கொண்டே, இதென்ன எண்ணூறும் இல்லாமல் ஆயிரமும் இல்லாமல், மாடு விற்ற காசு மாதிரி இருக்கிறதே என்றார். சபை சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் லாபிரைக் கவிழ்த்தது.

"ஆயிரம்னு போடுங்க லெப்பே. என்ட மகள்ட கலியாணம் இது."

என்ட மகள் என்று அவர் சொல்லி ஊர் கேட்டது அன்றுதான்.

பட்டியை அவிழ்த்து, பத்து நூறு ரூபாத் தாள்களைச் சபை பார்க்க எண்ணி வைத்தார். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு லெப்பை சொல்லிக்கொடுத்ததைப் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது.

திரைக்குப் பின்னால் கைரியாவின் தங்கை ரபீகாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைரியா முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். முழுசாக ஆயிரம் வந்த பிறகும் இன்னும் என்ன குறை என்று ரபீகா கேட்டாள்.

லாபிரின் காதுக்கு எட்டாமல் கைரியா மெதுவாகச் சொன்னாள்.

"மாசம் அஞ்சு ரூபாப்படி பதினாலு வருஷத்துக்கு அவர் தர வேண்டியது எண்ணூத்தி நாப்பதுதான். மிச்ச நூத்தி அறுபதும் வட்டி மாதிரி. வட்டி நமக்கு ஹராம், மருமகன்கிட்டச் சொல்லி நாளைக்கே திருப்பிக் குடுத்திரணும்."