சல்லடை சொன்ன பெயர்

ஓர் ஆலையின் கணினிக்குள் வாழ்த்துரை என்றொரு கோப்பும் துண்டறிக்கை என்றொரு கோப்பும் அருகருகே குடியிருந்தன. வேலைநிறுத்தம் என்ற சொல் உள்ள கோப்புகளைப் பிடிக்க நிர்வாகத்தார் சல்லடை என்ற தேடல் நிரலை ஏவியிருக்கிறார்கள், பிடிபட்டால் அழிப்புதான் என்று சேதி வந்தது. வேலைநிறுத்தத்துக்கு அழைக்கும் துண்டறிக்கையோ விடிவதற்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

"உன் கதை முடிஞ்சுது தம்பி," என்றது வாழ்த்துரை. "தள்ளியே நில்லு. என் மேல உன் காத்துப் படக்கூடாது."

சல்லடை வந்தது. வாழ்த்துரையின் இரண்டாம் வரியிலேயே நின்று, "வாழ்த்துரை!" என்று கத்தியது.

"ஐயோ, முழு வரியையும் படிங்க சாமி! முதலாளியின் நல்ல மனசால இங்கே வேலைநிறுத்தமே நடந்ததில்லைன்னுதானே இருக்கு?"

"படிக்கிறது என் வேலை இல்லை. சொல் இருந்தா பேரைச் சொல்லணும். அவ்வளவுதான் உத்தரவு."

"அப்போ இவனைப் பாருங்க! ஆலையை மூடச் சொல்றவன் இவன்தான்!"

சல்லடை துண்டறிக்கையைக் கடைசி வரி வரை துழாவியது. 'நாளை ஒருவரும் தறிப் பக்கம் போகாதீர்கள்' என்று இருந்ததே தவிர, தேடிய சொல் இல்லை. சல்லடை அடுத்த கோப்புக்கு நகர்ந்தது.

வாழ்த்துரை இருந்த இடம் வெறுமையானது. துண்டறிக்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறை தறி என்ற சொல்லைத் தேடச் சொன்னால்? அந்த ஆலையில் தறி என்ற சொல் இல்லாத கோப்பு ஒன்றுகூடக் கிடையாது.