உங்கம்மாவுக்குத் தெரியுமா?

பூங்காச் சுவர்களைத் தாவிப் பழகிக்கொண்டிருந்தவர்கள், நடக்க வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் நகரவில்லை.

"குதிக்கவா சுவர் கட்டினாங்க? காவலாளிகிட்ட சொல்லி விரட்டறேன்."

சுவரில் பதிந்த ஷூ தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "இதுக்கு பார்கூர்னு பேரு சார். யார் வேணா கத்துக்கலாம். நீங்களும் வாங்களேன்."

"கால் உடைஞ்சா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"போன் போடு, நான் பேசறேன்."

"போன் எதுக்கு? இதோ வந்துட்டாங்க."

எதிர்ச் சுவரை ஒரே தாவலில் கடந்து வந்த பெண்மணி, நரைத்த கூந்தலை முடிந்துகொண்டே அவர் முன் நின்றார்.

"நான்தான் இவ அம்மா. எனக்குக் கத்துக்கொடுத்ததே இவதான். என்ன விஷயம் சார்?"

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மகளிடம் திரும்பினார்.

"இருக்கறதிலேயே குட்டைச் சுவர் எதும்மா?"