காற்றுத் துளைகள்

தென்னூர் மரப்பட்டறையில் அழகிரி அன்று காலையும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பெட்டியைத் துடைத்தான். செத்துப்போன தன் குதிரையின் சேணத்தையும் கடிவாளத்தையும் பத்திரமாக வைக்க, கைலாசபுரம் ரேஷ்மா சொல்லிச் செய்த தேக்குப் பெட்டி. தோலில் பூசணம் பூக்காமலிருக்கப் பக்கவாட்டில் எட்டுத் துளை போட்டிருந்தான். மறுநாளே துளைகளில் எச்சில் வழிந்தது. வெதுவெதுப்பாக, நுரையும் மென்ற புல்லுமாக. பெட்டியோ காலி. சேணம் இன்னும் அவள் வீட்டில்தான் இருந்தது.

எலி என்று பொறி வைத்தான். மருந்தடித்தான். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வீட்டில் சோற்றில் கை வைத்தாலும் அதே வாடை குமட்டியது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கு இந்தச் சனியன் கிளம்பினால் போதும்.

பத்து மணிக்கு ரேஷ்மா வந்தாள்.

"என்னண்ணே, ஒரு சுத்து இளைச்சுட்டீங்க?"

"வண்டி சொல்லி வச்சிருக்கேன். தூக்கிட்டுப் போயிடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

அவள் குனிந்து ஒரு துளையில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தபோது விரலிடுக்கெல்லாம் கொழகொழவென்று வழிந்தது. முகம் சுளிக்காமல் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். அழகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"துளை சின்னதாப் போச்சுண்ணே. பாவம், மூக்கு நுழையல. பெருசாக்கினாத்தான் எடுத்துட்டுப் போவேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அழகிரி பல்லைக் கடித்துக்கொண்டு ட்ரில்லை எடுத்தான். பெட்டி ஆடாமலிருக்க இடது கையால் அழுத்திப் பிடித்தான். துளையின் மேலிருந்த விரல்களை உள்ளிருந்து ஏதோ சாவகாசமாக நக்கிக் கொடுத்தது.