படத்தின் பின்பக்கம்

இந்தக் காலத்தில் திருட்டில்கூட அண்ணன் தம்பி என்ற மரியாதை இல்லை. பெயின்ட் அடிக்கிறவன் வேஷத்தில் ஓவியக் கூடத்துக்குள் போய், பட்டப்பகலில் ஒரு பழைய படத்தை ஏணியோடு சேர்த்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என் நடுத்தம்பி. கடைக்குட்டி என் ஃபிரேம் கடைக் கதவோரம் நின்றான்.

இரண்டு பேரும் முன்பு செய்த திருட்டை என் தலையில் கட்டியவர்கள். மூன்று வருஷம் உள்ளே இருந்தேன். ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

“பெரியண்ணே, சீக்கிரம் ஃபிரேமைக் கழட்டு. சுருட்டிக்கிட்டுக் கிளம்பணும்” என்றான் நடுத்தம்பி.

படத்தைக் கவிழ்த்தேன். பின்னால் அந்தக் காலத்து ஆணிகள், துருவேறி மரத்தோடு மரமாக இருந்தன. குறடை எடுத்தேன்.

கடைக்குட்டி சிரித்தான்.

“எதுக்குடா இளிக்கிற? ஏணி பிடிக்கக்கூட லாயக்கில்லைன்னு உன்னை விட்டுட்டுப் போன வயித்தெரிச்சலா?”

“சின்னண்ணே, நீ தூக்கிட்டு வந்தது நகல். போன மாசம் ஃபிரேம் மூலை உடைஞ்சு இந்தப் படம் இங்கதான் ரிப்பேருக்கு வந்துச்சு. நான் ஒரு நகல் வரைய வச்சு எடுத்துட்டு வந்தேன். பெரியண்ணன் அதை மாட்டி அனுப்பிட்டு, அசலைச் சுருட்டி என் கையில குடுத்துட்டாரு. எப்பப் பார்த்தாலும் ‘ஓரமா நில்லுடா’ன்னு சொல்லுவியே. ஓரமா நின்னேதான் எடுத்தேன்!”

நடுத்தம்பி என்னைப் பார்த்தான். “நிஜமாவா?”

“சுருட்டித்தான் குடுத்தேன்” என்றேன்.

அவன் முகம் கறுத்துப்போனது. என் கத்தியை எடுத்தான். படத்தைத் திருப்பிப் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்தான்.

கடைக்குட்டி கைதட்டினான். நான் தடுக்கவில்லை, குறடைத் துடைத்து வைத்தேன்.

“நல்லாக் கிழி! அசல் என் கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. பெரியண்ணே, வித்ததும் உனக்கும் பங்கு உண்டு. சத்தியமா!”

போலீஸில் என் பெயரைச் சொன்ன அன்றும், ‘நாளைக்கே வெளிய எடுத்துடுறோம், சத்தியமா’ என்றுதான் சொன்னார்கள். அன்றைக்கு நம்பினேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வாசலில் இருந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்:

“கிழிச்ச படத்துக்குப் பின்னாடி அந்தத் துருப்பிடிச்ச ஆணியைப் பாருங்கடா. அந்தப் படத்தை நான் ஃபிரேமை விட்டு எடுக்கவே இல்லை.”