எதுல குறைஞ்சது?

"எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான் சார். உங்க ஸ்கோர் குறைஞ்சிடுச்சு."

"எதுல குறைஞ்சதுன்னு சொன்னாத்தானே சரி பண்ணிக்க முடியும்?"

"ஃபார்முலாவை வெளியே சொல்றதில்லை."

"இத்தனை வருஷமா ஒரு தப்பும் பண்ணலையே."

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணுங்க."

"ஆறு மாசமா? அதுவரைக்கும் நான் எங்கே தூங்குறது?"

மனைவி சோபாவைக் காட்டினாள். அவருடைய தலையணை ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரியான அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பேக்கரி வைக்கக் கடன் கேட்டு வந்த மச்சினனிடம் காலையில் அவர் சொன்ன அதே வார்த்தைகள்.

"கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் சொன்னேன். அந்த ஃபார்முலா எனக்கே தெரியாதும்மா."

"தெரியாமலா என் தம்பியைத் தகுதி இல்லாதவன்னு திருப்பி அனுப்புனீங்க? பார்த்து வெச்ச கடை அவன் கையை விட்டுப் போகப்போகுது."

அவர் செல்போனை எடுத்து, மச்சினன் எதில் குறைந்தான் என்று கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினார். உடனே வந்த தானியங்கிப் பதிலை மனைவியிடம் நீட்டினார்.

'ஃபார்முலாவை வெளியே சொல்வதில்லை.'

அவள் பதிலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், தலையணையைக் கையில் எடுத்தாள்.

நீங்களே சொல்லுங்க, அது உள்ளே போகலாமா, சோபாவிலேயே இருக்கட்டுமா?