ஒரு விரல் இடைவெளி

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பாதி வலி, பதினெட்டு வருஷம் முட்டி போட்டுத் தரை பதித்ததில் வந்தது. மீதிப் பாதி, போன வருஷம் மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷனில் வந்தது. கூட்டாளிகள் அவனுக்கு வைத்திருந்த பெயரே முட்டி.

ஸ்டேஷனுக்குப் போன காரணம், இன்று அவன் வந்திருக்கும் இதே வீடுதான். இந்தப் படுக்கையறையில் சிமென்ட் தரைமேல் பிளாஸ்டிக் விரித்து, மரப்பலகை பதித்துவிட்டுப் போனான். மறுவாரம் பீரோவிலிருந்த பதினாறு பவுன் நகையைக் காணோம். வெளியாள் என்று வந்து போனவன் அவன் ஒருவன்தான். அவனை அடித்துப் பார்த்தார்கள், அவன் வீட்டைக் கிண்டிப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. வீட்டுக்காரருக்கு இன்சூரன்ஸ் பணம் வந்து சேர்ந்தது. முட்டியை அதன்பிறகு அந்தத் தெருவில் எவரும் வாசற்படி ஏற்றவில்லை.

இப்போது பெய்த மழைக்கு, தரை நட்டநடுவில் ஆமை ஓடு போல் உப்பிக்கொண்டது.

"திருட்டுப் பயலையே மறுபடியும் கூப்பிடறீங்களே!" என்றாள் வீட்டுக்காரம்மா.

"ரெண்டு வருஷம் கேரண்டி எழுதிக் கொடுத்திருக்கான். ஓசியில வேற எவன் வருவான்?" என்றார் அவர்.

போன் போட்ட அரை மணியில் முட்டி வந்து நின்றான். அந்த அவசரம்தான் அவளை உறுத்தியது. நகை வீட்டைத் தாண்டவேயில்லை. இந்த அறையிலேயே எங்கோ பதுக்கிவிட்டு, எடுக்க வழியில்லாமல் காத்திருக்கிறான்! கணவரிடம்கூடச் சொல்லாமல், அன்று முட்டியை அடித்து விசாரித்த அதே போலீஸ்காரரை வரவழைத்துப் பக்கத்து அறையில் உட்கார வைத்தாள்.

முட்டி உப்பலைத் தொடக்கூட இல்லை. நேராக ஜன்னல் பக்கம் போய், சுவரடியில் ஓடும் மரச்சட்டத்தைத் தடவிப் பார்த்தான். உளியை எடுத்தான்.

"ஏய், வீக்கம் நடுவுல இருக்கு. அங்க என்ன நோண்டறே?" வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வீக்கம் நடுவுலதான் சார். வியாதி ஓரத்துல. ஈரத்துக்குப் பலகை ஊதும். அந்தப் பக்கம் பீரோ ஏறி உட்கார்ந்திருக்கு; இந்தப் பக்கம்தான் மூச்சு விடணும். ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் பதிச்சேன்."

"நீ விட்ட லட்சணம்தான் தெரியுதே! சட்டம் உடைஞ்சா எவன் காசு தருவான்? மேல நாலு மூட்டை சிமென்டை வெச்சு அமுக்கிட்டுக் கிளம்பு."

"திருடன்னு சொன்னீங்க, வாங்கிக்கிட்டேன். இடைவெளி விடலைன்னு மட்டும் சொல்லாதீங்க சார்."

"கழட்டட்டும், விடுங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. குரலில் தேன் ஒழுகியது. "அவன் தொழில் அவனுக்குத் தெரியாதா?"

சட்டம் கழன்று வந்தது. முட்டி, அடைபட்டுக் கிடந்த இடுக்கில் கம்பிக் கொக்கியை விட்டு இழுத்தான். கறுப்பாக, கனமாக, பாம்புக்குட்டி போல் ஒரு துணிச் சுருள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. சுருளின் வாய் வழியே ஒரு சங்கிலி மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

போலீஸ்காரர் பாய்ந்து வந்து முட்டியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும்! கையும் களவுமா மாட்டினான் பாருங்க!" வீட்டுக்காரம்மா துணியைப் பிடுங்கி உதறினாள். நகை கலகலவென்று விழுந்தது. கையில் மிஞ்சிய துணியைத் திருப்பிப் பார்த்தாள்; ஓரிடத்தில் நீல நூல் தையல்.

கணவருடைய ஆபீஸ் சாக்ஸ். முட்டி வேலை முடித்துப் போன மறுநாள், கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் குதிகால் ஓட்டையை நீல நூலால் தைத்துக் கொடுத்தவள் அவளேதான்.

"இடைவெளி இருந்துச்சா இல்லையா சார்?" என்றான் முட்டி, சட்டை இன்னும் போலீஸ் பிடியில் இருக்கும்போதே.

உப்பல் நான்கே நாளில் தானாக அமுங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஜாமீனில் வர எட்டு நாள் ஆயிற்று. மூன்று நாள் அடித்ததற்காக முட்டிக்கு வர வேண்டிய ஒரு மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.